படிப்பகத்துக்கும் ஒரு தலைக்கட்டு வரி

அண்ணாச்சிமார், மதினிமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு தாராவியில் நடந்த நம் மும்பை ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு 31 பேர் வந்திருந்தோம். டோம்பிவ்லி, மீரா ரோடு, பன்வேல் என்று எங்கெங்கிருந்தோ ரயில் மாறி வந்தார்கள். வர முடியாத ஷார்ஜா, சிங்கப்பூர், பெங்களூர் ஆட்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம்மூர் மாலைப் படிப்பகத்துக்கு 2023-இல் பணம் தந்த கம்பெனியிடம் மறுபடியும் சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், கேட்டு எழுதுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. நான் வேண்டாம் என்றேன். பொருளாளராக அந்தக் கணக்கைச் சுமந்தவன் என்பதால் காரணத்தை உங்களிடமும் முழுசாகச் சொல்ல வேண்டும்.

படிப்பகம் ஒழுங்காக நடக்க மாதம் 12,000 ரூபாய் போதும். பாடம் சொல்லித் தரும் இரண்டு அக்காமாருக்குத் தலா 4,500, சாயங்காலச் சுண்டலுக்கு 2,000, மீதி ஆயிரத்தில் கரண்ட் பில், நோட்டு, சாக்பீஸ். இடத்துக்கு வாடகை இல்லை. பிள்ளைகளில் பாதிக்கு மேல் அம்மா பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் வீடுகள். ஆக, செலவில் முக்கால் பங்கு சம்பளம். சிக்கல் முழுக்க அந்த முக்கால் பங்கில்தான் இருக்கிறது.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பலருக்குத் தெரிந்திருக்கும். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் நமக்கு மூன்று லட்சம் கிடைக்காதா என்று 2021-இல் நாம் எல்லோருமே நினைத்தோம். அந்த வருஷம் ஏப்ரலில் இருந்துதான் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்த அமைப்புக்கே பணம் என்ற விதி வந்தது. சங்கத்துக்கு வருமான வரி விலக்கு தரும் 12ஏ பதிவு, நன்கொடை தருகிறவருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு, அதே வேலையில் மூன்று வருஷ அனுபவம், ஆடிட்டர் சான்று எல்லாம் வேண்டும். இவை நம்மிடம் இருந்தன. இல்லாமல் போனது வேறொன்று. மும்பையில் பதிவான சங்கம் என்பதால், மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி நிர்வாகிகள் மாறினால் 90 நாளைக்குள் அதைத் தெரிவிக்கும் சேஞ்ச் ரிப்போர்ட் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு தேர்தலுக்கு நாம் கொடுக்கவே இல்லை. நிர்வாகிகள் பெயர் இருக்கும் அரசுப் பதிவேடான ஷெட்யூல் ஒன் நகலை எடுத்துப் பார்த்தால், காலமாகிவிட்ட பெரியவர்தான் அதில் இன்னும் தலைவர். தப்பு நம்முடையது. பழைய மினிட்ஸ் புத்தகங்களைத் தேடி எடுத்து, கையெழுத்துக்காகக் கல்யாண் வரை வீடு வீடாக அலைந்து அதைச் சரிசெய்வதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிறு ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் நாள்.

அப்புறம் ஊர்ச் சங்கங்களுக்கென்றே உள்ள ஒரு கஷ்டம். கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே 135-ஆம் பிரிவு சொல்கிறது. மும்பைக் கம்பெனியிடம் போனால், ‘உங்கள் வேலை மகாராஷ்டிராவில் எங்கே நடக்கிறது?’ என்று கேட்டார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஆலை வைத்திருப்பவர்களிடம் போனால், ‘சங்கம் மும்பையில் அல்லவா பதிவாகியிருக்கிறது?’ என்றார்கள். பிழைப்பு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று வாழ்கிறவர்களுக்கு இரண்டு வட்டாரமும் சொந்தமில்லை என்று ஆகிவிடுகிறது. அன்றைக்கு அது எனக்கு ரொம்ப வலித்தது.

கடைசியில் 2023-இல் ஒரு கம்பெனி மூன்று லட்சம் தர ஒத்துக்கொண்டது. பாதி முதலில், மீதி கணக்குக் காட்டிய பிறகு. ஸ்மார்ட் டிவி வாங்கலாம், டேப்லெட் வாங்கலாம், சுவரில் அவர்கள் பெயர் எழுதலாம். சம்பளத்துக்குக் கூடாது என்றார்கள். மன்றாடிக் கேட்டதில் ‘பயிற்சியாளர் செலவு’ என்று கொஞ்சம் சேர்த்தார்கள். அதையும் இரண்டாவது தவணையில் வைத்தார்கள். மாதாமாதம் எடுத்த இடத்தைக் காட்டும் இடக்குறியோடு போட்டோ, ஆங்கிலத்தில் அறிக்கை, பிள்ளைகளுக்கு முன்தேர்வு பின்தேர்வு. இதையெல்லாம் நிரப்பியது யார்? அந்த இரண்டு அக்காமார்தான். பாடம் நடத்த வேண்டிய நேரம் போட்டோவுக்கும் படிவத்துக்கும் போனது. செலவுச் சான்றுக்கு ஆடிட்டர் கட்டணம் தனி.

இரண்டாவது தவணை ஐந்து மாதம் தள்ளி வந்தது. அந்த ஐந்து மாதமும் அக்காமாருக்குச் சம்பளம் இல்லை. சங்கத்தின் கையிருப்பையும் நாம் டிவிக்கு வயரிங் செய்வதில் கரைத்துவிட்டிருந்தோம். மூன்றாவது மாதம் ஒரு அக்கா டவுனில் தனியார் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போய்விட்டார். ‘கோவிச்சுக்கிட்டுப் போகல தம்பி, வீட்டுக் கஷ்டம்’ என்று போனில் சொன்னார். 42 ஆக இருந்த பிள்ளைகள் 26 ஆனார்கள். இதை அப்போதே இந்தக் குழுவில் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பெனி அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எங்களுக்காக உள்ளே பேசினார். ஆனால் அவர்களுக்கு வேண்டியது திட்டம். ஒரு தேதியில் தொடங்கி, ஒரு தேதியில் முடிந்து, கையில் காட்டும்படி ஒரு பொருள் இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஆள் வந்து கதவைத் திறப்பது. அதற்குப் பணம் தருகிறவர்களைத் தேடி நானும் மூன்று வருஷம் அலைந்துவிட்டேன்.

இன்னொரு செலவையும் சொல்லிவிடுகிறேன். நன்கொடை விவரத்தை ஒவ்வொரு வருஷமும் மே 31-க்குள் வருமான வரித் துறையிடம் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய். புனேக்கு மாறிப் போன தம்பியின் பழைய நம்பருக்கே ஓடிபி போய்க்கொண்டிருந்ததில் ஒரு வருஷம் 45 நாள் தாமதம். 9,000 ரூபாய் கட்டினோம். இரண்டு அக்காமாரின் ஒரு மாதச் சம்பளம் அது. இப்போது நம்பரை மாற்றியாகிவிட்டது. ஒரு நல்ல சேதியும் உண்டு. வருமானம் 5 கோடிக்கு மேல் போகாத அறக்கட்டளைகளுக்கு 12ஏ பதிவின் காலத்தை ஐந்தில் இருந்து பத்து வருஷமாக 2025 நிதிச் சட்டம் கூட்டியிருக்கிறது. நம்மைப் போல் அலுவலக வேலைக்குச் சம்பள ஆள் இல்லாத சங்கங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் சொல்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை, ஷார்ஜா அண்ணாச்சிமார் தாராளமாகத் தரலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தருவது சட்டப்படி வெளிநாட்டு நிதி, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதை வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். நம் படிப்பகம் மூன்று வருஷத்துக்கும் சேர்த்தே ஐந்து லட்சத்தைத் தொடாது. போன வருஷம் சிங்கப்பூர்த் தங்கச்சி அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பியது இதனால்தான். அவள் நம்மூர்ப் பிள்ளை இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தால் நாம் யாரிடமும் திட்ட அறிக்கை கொடுப்பதில்லை. தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி போடுகிறோம். மும்பையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் வரி வந்து சேர்ந்துவிடுகிறது. வில்லுப்பாட்டுக்காரருக்கும் நையாண்டி மேளத்துக்கும் கொடுப்பதை ‘நிர்வாகச் செலவு’ என்று எவரும் ஒதுக்கி வைத்ததில்லை. மேளக்காரருக்குக் கொடுக்காமல் கொடை நடக்காது என்று ஊருக்கே தெரியும். படிப்பகத்துக்கு அந்த அக்காமார்தான் மேளம். அவர்கள் சம்பளம் நம் வரியில் இருந்து வரட்டும்.

தலைக்கட்டுக்கு மாதம் 200 ரூபாய், 60 தலைக்கட்டு. அவ்வளவுதான் தேவை. இதில் ஊர் வழக்கத்தை ஒரு இடத்தில் மாற்ற வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகளும் தங்கள் பெயரிலேயே தலைக்கட்டாகச் சேரலாம். படிப்பகத்தில் படித்து நர்ஸாகவும் டீச்சராகவும் ஆனவர்கள் அவர்களில்தான் அதிகம்.

வருமான வரியில் புதிய முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது, அதைத் தெரிந்துகொண்டே கொடுங்கள். பழைய முறையில் இருப்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தர வேண்டாம், கழிவு கிடைக்காது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி வரவு செலவை இந்தக் குழுவில் போடுவேன். மூன்று மாதச் சம்பளம் எப்போதும் கையிருப்பில் இருக்கும், அதை வேறு எதற்கும் தொடுவதில்லை என்று தீர்மானம் எழுதிவிட்டோம். கூரை மாற்றுவது மாதிரி ஒரு தடவைச் செலவு வந்தால் அப்போது வெளியில் கேட்போம். பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதி அரசு தரும், அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

டவுனுக்குப் போன அக்காவிடம் நேற்றுப் பேசினேன். மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் உறுதி என்றால் ஜூனில் திரும்பி வருகிறேன் என்றார். கூட்டத்திலேயே 23 பேர் பெயர் எழுதிவிட்டார்கள். இன்னும் 37 பெயர் வேண்டும். மே 25-க்குள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கள், 26-ஆம் தேதி காலையில் அக்காவுக்குப் போன் செய்துவிடுகிறேன்.