எஃப்-801-ஐ விட்டுவிட்டு இஓஎஸ் 5-க்கு மாறலாமா? மேடைப் படமெல்லாம் வெளுத்துப் போகிறது

சுருள்36:
மாமா கொடுத்த நிக்கான் எஃப்-801 ஃபிலிம் கேமரா, கூடவே 35-105 ஜூம் லென்ஸ். வெளியில் எடுத்தால் குறையே சொல்ல முடியாது. போன மாதம் அக்கா மகள் அரங்கேற்றத்துக்கு 400 ஃபிலிம் இரண்டு ரோல் போட்டேன். பின்னால் கறுப்புத் திரை, அவள்மேல் மட்டும் விளக்கு. முக்கால்வாசிப் படத்தில் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்துவிட்டது, போதாக்குறைக்குக் கலங்கலும். லென்ஸ் வேறு அடிக்கடி கர்ரென்று முன்னும் பின்னும் ஓடிவிட்டு எதையும் பிடிக்காமல் நின்றுவிடும். 1988 ஆட்டோஃபோகஸ் இவ்வளவுதானா? தெரிந்தவர் ஒருவர் கேனன் இஓஎஸ் 5 தருகிறேன் என்கிறார், ஐந்து ஃபோகஸ் புள்ளியாம், கண் எங்கே பார்க்கிறதோ அங்கே ஃபோகஸ் ஆகுமாம். வாங்கலாமா?

நெகட்டிவ்மணி:
கேமராவை விற்கும் முன் ஒன்று சொல்லுங்கள். கலங்கல் எல்லாப் படத்திலுமா, ஆடும்போது எடுத்ததில் மட்டுமா? ஷட்டர் என்ன காட்டியது?

சுருள்36:
இப்போது பார்த்தால், அரைமண்டியில் அசையாமல் நின்ற இரண்டு மூன்று படம் கூர்மையாகத்தான் இருக்கிறது சார். ஷட்டர் 1/15 அளவில் ஓடிய ஞாபகம். எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் பி மோடில்தான் வைத்திருந்தேன்.

நெகட்டிவ்மணி:
அப்போ பாதிப் பழி வெளிச்சம் அளக்கும் மீட்டர் மேல்தான். 801-இன் மேட்ரிக்ஸ் அளவு முறை ஃபிரேமை ஐந்து கட்டமாகத்தான் பிரிக்கிறது. அதில் நாலு கட்டத்தில் கறுப்புத் திரை என்றால், இருட்டு என்று நினைத்து ஷட்டரை இழுத்துக்கொண்டே போகும். முகத்துக்கு 1/60 போதும் என்கிற இடத்தில் 1/15, அதாவது இரண்டு ஸ்டாப் அதிகம், நாலு மடங்கு வெளிச்சம். முகம் வெளுத்ததும் அதனால்தான், கை கால் இழுபட்டதும் அதனால்தான். 801-இல் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் கிடையாது, 1991-இல் வந்த 801எஸ்-இல்தான் சேர்த்தார்கள். பரவாயில்லை, நடுப்பகுதிக்கு முக்கியத்துவம் தரும் சென்டர் வெயிட்டடுக்கு மாற்றி, 105-இல் இழுத்து முகமும் உடையும் நடுவட்டத்தை நிரப்பும்படி ஒருமுறை அளந்து, நாமே அமைக்கும் எம் மோடில் அதையே பூட்டிவிடுங்கள். விளக்கு மாறும்வரை மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். 1/60-கூட ஆட்டத்துக்குப் பத்தாது, அடுத்த முறை 800 ஃபிலிம், அதிக வெளிச்சம் வாங்கும் 85 எஃப்/1.8 லென்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் அதை மாட்டுங்கள்.

இன்னொன்று, நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் அதிகத்தைத் தாங்கும். லேப் ஸ்கேனரும் கறுப்பைப் பார்த்துத் தன் பங்குக்கு வெளிச்சத்தை ஏற்றியிருக்கும். மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னால் முகம் கிடைக்கலாம். ஸ்லைடு ஃபிலிமாக இருந்திருந்தால் கதை முடிந்தது, அது இவ்வளவு தாங்காது.

பழையலென்ஸ்:
ஆட்டோஃபோகஸை அப்படியே விடுதலை செய்துவிடாதீர்கள் அண்ணா. 801-இல் சென்சார் நடுவில் ஒன்றே ஒன்று, அதுவும் கிடைமட்டக் கோடு. செங்குத்தான விளிம்பைத்தான் பிடிக்கும். அரைமண்டியில் உடையின் விசிறி மடிப்பு விரியும்போது அதில் வையுங்கள், டக்கென்று உட்காரும். ஒட்டியாணத்திலோ படுக்கையாக ஓடும் ஜரிகையிலோ வைத்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பூட்டிவிட்டு, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியபடியே நிமிர்த்திக்கொள்ளலாம். எனக்கு இது பழகவே நாலு ரோல் போனது.

அரைஸ்டாப்:
நான் இஓஎஸ் 5 ஆள், ஆறு வருஷமாக. நல்ல கேமரா, 801 அளவுக்குச் சத்தமும் இல்லை, கச்சேரியில் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். 16 கட்ட மீட்டர், நீங்கள் தேர்ந்த புள்ளி பக்கமாகச் சாய்ந்து கணக்குப் போடும், ஸ்பாட்டும் உண்டு. மேடைக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கண் கதையை நம்பி வாங்காதீர்கள். கேமராவை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தால் கண் கட்டுப்பாடு வேலை செய்யாது, நாட்டியத்தில் பாதிப் படம் அப்படித்தானே எடுப்போம்! கண்ணாடி போட்டவர் என்றால் இன்னும் மக்கர். நான் நடுப்புள்ளியிலேயே வைத்து ஓட்டுகிறேன். பேட்டரியும் 2சிஆர்5, 801 மாதிரி பெட்டிக்கடையில் நாலு பென்சில் செல் வாங்கிப் போட முடியாது. லென்ஸும் எல்லாம் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

நெகட்டிவ்மணி:
மாறியே ஆக வேண்டும் என்றால் நிக்கான் எஃப்90எக்ஸ் பாருங்கள், இதே லென்ஸ் மாட்டும். சென்சார் ஒன்றுதான், ஆனால் கிடைமட்டமும் செங்குத்தும் சேர்ந்த குறுக்கு வகை, அதனால் ஒட்டியாணத்தையும் பிடிக்கும். ஸ்பாட் உண்டு, செல்லும் பென்சில் செல்தான்.

சுருள்36:
நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், முகமெல்லாம் கரிக்கட்டை! லேப்பில் மறுபடி கொடுத்தேன், ஒன்பது படத்தில் மூக்குத்தி வரை திரும்பி வந்துவிட்டது. இழுபட்ட கை இழுபட்டதுதான், அக்கா அதையே கலை என்று சட்டம் போடச் சொல்கிறாள். இஓஎஸ்காரரிடம் பேட்டரி விலை கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.