புதுப்பிப்பு: ‘மறுபடி ஓட்டு’ பட்டன் வேலை செய்கிறது

பிள்ளைகளுக்காகச் செய்த நீர்ச் சுழற்சி அனிமேஷனில் ‘மறுபடி ஓட்டு’ பட்டனை அழுத்தினால் எதுவுமே அசையவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

ஜாவாஸ்கிரிப்டில், அனிமேஷனை ஓட வைக்கும் ‘ஓடு’ என்ற கிளாஸை (ஸ்டைலை உறுப்போடு இணைக்கும் பெயர்) எடுத்துவிட்டு, அடுத்த வரியிலேயே திரும்பச் சேர்த்திருந்தேன். பிரவுசர் ஒவ்வொரு வரிக்கும் ஸ்டைலைக் கணக்கிடாது. ஸ்கிரிப்ட் முடிந்த பிறகுதான் பார்க்கும். அப்போது கிளாஸ் பழையபடியே இருப்பதால், மாற்றம் இல்லை என்று விட்டுவிடும்.

அதனால் இரண்டு வரிக்கும் நடுவில் ஆஃப்செட்விட்த் (offsetWidth, உறுப்பின் அகலம்) மதிப்பை ஒருமுறை படிக்க வைத்தேன். அகலத்தைச் சொல்ல பிரவுசர் அங்கேயே கணக்குப் போட்டாக வேண்டும். அப்போது கிளாஸ் இல்லாததால் பழைய அனிமேஷன் கழன்றுவிடுகிறது; திரும்பச் சேர்த்ததும் முதலிலிருந்து ஓடுகிறது. எஸ்விஜி (SVG, கோடு, வடிவங்களால் ஆன படம்) உறுப்பில் படித்தால் பலிக்காது, அதற்கு அந்தப் பண்பே கிடையாது. அதற்கு வெளியே இருக்கும் டிவ்வில் (div, பக்கத்தில் மற்றவற்றைச் சுற்றியிருக்கும் பெட்டி) படியுங்கள். மேகம் நகர்ந்து, மூன்று துளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மறுபடி விழுந்தபோது அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், ஓடி முடிந்த பிறகுதான் பட்டன் தெரிய வேண்டும் என்று ‘அனிமேஷன்எண்ட்’ (animationend, அனிமேஷன் முடிந்ததும் பிரவுசர் தரும் அறிவிப்பு) நிகழ்வைப் பிடித்தேன். ஒவ்வொரு துளிக்கும் அது தனித்தனியாக வருகிறது. கடைசித் துளியுடையதா என்று பார்த்துவிட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் பாதி மழையிலேயே பட்டன் வந்து நிற்கும்.