துணிக்கடை விளம்பரத்தில் சக்கர நாற்காலியில் வரும் பெண்: எப்படி எழுதுவது?

நடைபாதை எழுதியது:
தீபாவளியை ஒட்டி ஒரு துணிக்கடைக்கு 40 விநாடி விளம்பரப் படம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘சக்கர நாற்காலியில் முடங்கிய’ ஒரு பெண்ணுக்குக் கடை முதலாளி பட்டுப்புடவை பரிசளிக்க, அவர் கண்கலங்கிக் கைகூப்புவதாகக் கதை அமைய வேண்டும் என்று கடைக்காரர் விரும்புகிறார். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார், ஆனாலும் எனக்கு எழுத மனம் வரவில்லை. எது உறுத்துகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. மாற்றுத்திறனாளிகள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

வைகைக்கரை எழுதியது:
மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தவள் நான். முடங்கிக் கிடந்தது நாற்காலி இல்லாத காலத்தில்தான். அது வந்த பிறகுதான் கடைத்தெருவையே பார்த்தேன். புடவையை எல்லாரையும் போலக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். முந்தானை பிடிக்காவிட்டால் பத்துப் புடவையைப் பிரித்துக் காட்டச் சொல்வேன், விலைக்கும் வாதாடுவேன். உங்கள் கதையில் அந்தப் பெண்ணுக்கு வாங்குபவர் என்ற இடமே இல்லை. கொடுப்பவரின் பெருமையைக் காட்டத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

இரக்கத்துக்கு மறுபக்கமாக வியப்பும் உண்டு. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றபோது, அவருடைய வறுமையையும் தாயாரின் கண்ணீரையும் பற்றி நான் படித்த அளவுக்கு அவருடைய பயிற்சியையும் தாண்டும் நுட்பத்தையும் பற்றிப் படிக்கவில்லை. ஊனமுற்றவரின் அன்றாட வாழ்வையே மற்றவர்களுக்கு ஊக்கமருந்தாக்கும் இந்தப் போக்கை ஆஸ்திரேலியச் செயற்பாட்டாளர் ஸ்டெல்லா யங், தாமும் சக்கர நாற்காலியில் இருந்தவர், கடுமையாக எதிர்த்தார். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு புன்னகைத்தாலும் அது சாய்தளமாக மாறாது என்பது அவருடைய வாதம்.

நடிப்பதற்கும் உண்மையிலேயே சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவரை அழையுங்கள். 1981 விபத்துக்குப் பின் காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மீண்டும் ஆடிய நடனக் கலைஞர் சுதா சந்திரன், தம் வாழ்வை ஒட்டிய ‘மயூரி’ படத்தில் தாமே நடித்தாரே.

சட்டம்_படிப்பவன் எழுதியது:
கடைக்காரரிடம் காட்ட ஓர் ஆதாரம் தருகிறேன். ஓர் இந்தித் திரைப்படம் தொடர்பான வழக்கில், 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளைக் காட்சி ஊடகங்களில் சித்திரிப்பதற்கான நெறிகளை வகுத்தது. கட்டுக்கதைகளை வைத்து அவர்களைக் கேலிக்குரியவர்களாக்கக் கூடாது, அதே சமயம் அமானுஷ்ய ஆற்றல் பெற்றவர்களாகவும் உயர்த்திவிடக் கூடாது என்கிறது தீர்ப்பு. ‘பாதிக்கப்பட்டவர்’, ‘அவதிப்படுபவர்’ போன்ற சொற்கள் சமூகம் எழுப்பிய தடைகளை மறைத்து, குறை முழுவதையும் அந்த மனிதரின் உடல்மேல் சுமத்துகின்றன என்றும் சுட்டிக்காட்டுகிறது. அவர்களைக் கலந்துகொள்ளாமல் அவர்களைப் பற்றி எதையும் முடிவு செய்யக் கூடாது என்ற கொள்கையையும் வலியுறுத்துகிறது.

நடைபாதை எழுதியது:
இருவருக்கும் நன்றி. கதையை மாற்றிவிட்டேன்: தங்கையின் திருமணத்துக்கு அக்காள் புடவை எடுக்க வருகிறாள், நிறத்தைப் பற்றி இருவருக்கும் சண்டை. அக்காள் சக்கர நாற்காலியில் இருப்பதைப் பற்றி வசனத்தில் ஒரு சொல்லும் இல்லை. கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். ஆனால் படப்பிடிப்பு நடக்கவிருக்கும் அந்தக் கடை வாசலில் மூன்று படிகள் இருப்பதை இன்றுதான் கவனித்தேன்.

வைகைக்கரை எழுதியது:
மூன்று படிகள் என்றால் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம் இருக்கும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதாவது 1:12 என்ற சரிவுக் கணக்குப்படி 18 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். வாசலில் இடம் போதாவிட்டால் பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம். படப்பிடிப்புக்காகப் பலகை போட்டுவிட்டு மறுநாள் எடுத்துவிடாமல், அவரிடம் இப்போதே பேசுங்கள். கட்டி முடித்ததும் சொல்லுங்கள், இந்தத் தீபாவளிக்கு அங்கேயே புடவை எடுக்க வருகிறேன்.