'பை தி டைம்' வந்தால் 'வில்' ஏன் வராது?

கரூர்_தமிழ்வழி:
வங்கி கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறேன். பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் ஒரு வாக்கியம்:

"பை தி டைம் தி மேனேஜர் வில் ரீச் தி பிராஞ்ச், வீ வில் ஹேவ் க்ளோஸ்டு தி கவுன்ட்டர்."

எனக்கு இரண்டு பாதியும் சரியாகத்தான் படுகிறது. விடைக்குறிப்பிலோ முதல் பாதி பிழை, 'ரீச்சஸ்' என்று வர வேண்டும் என்று இருக்கிறது. மேனேஜர் இனிமேல்தானே வரப்போகிறார்? அதற்கு எதற்கு நிகழ்காலம்?

ஷார்ட்கட்_ராஜா:
'பை தி டைம்' பக்கத்தில் 'வில்' வராது, அடுத்த பாதியில் 'வில் ஹேவ்' வரும். மனப்பாடம் பண்ணிட்டுப் போங்க ப்ரோ. காரணமெல்லாம் தேர்வில் கேட்க மாட்டாங்க.

டியூஷன்_வாத்தியார்:
ராஜா தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, இந்த ஷார்ட்கட் பாதி தூரம்தான் வரும். டெல்லி மெட்ரோ 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கியது, சென்னை மெட்ரோ 2015 ஜூனில். இப்போது பாருங்கள்: "பை தி டைம் சென்னை மெட்ரோ ஓபன்டு, டெல்லி மெட்ரோ ஹேட் பீன் ரன்னிங் ஃபார் ஓவர் ட்வெல்வ் இயர்ஸ்." இங்கே போய் 'வில் ஹேவ்' போட்டால் மார்க் போச்சு. குறிப்பிடும் நேரம் கடந்துபோனது என்றால் 'ஹேட்', இனி வரப்போவது என்றால் 'வில் ஹேவ்'. "பை ஜூன் 2035, சென்னை மெட்ரோ வில் ஹேவ் பீன் ரன்னிங் ஃபார் ட்வென்டி இயர்ஸ்."

சரி, கரூர் தம்பியின் கேள்விக்கு வருவோம். 'மேனேஜர் வந்ததும் சொல்கிறேன்' என்கிறோம். அவர் வருவது நாளைக்கு, ஆனால் 'வந்ததும்' இறந்தகால உருவம். 'வந்தால்' என்பதும் அப்படித்தான். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, தானாக வருகிறது. எதிர்காலம் என்று காட்டுகிற வேலையை முக்கிய வினை பார்த்துக்கொள்கிறது, துணை வாக்கியம் அதைத் தூக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் இதே கதைதான். என்ன, அங்கே அந்த இடத்தில் நிகழ்கால உருவத்தை வைக்கிறார்கள். வென், அன்டில், பிஃபோர், அஸ் சூன் அஸ், அன்லெஸ், நிபந்தனை சொல்லும் 'இஃப்' எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கரூர்_தமிழ்வழி:
இப்போது புரிகிறது சார். ஆனால் 'ஐ டோன்ட் நோ வென் ஹீ வில் கம்' என்று கைடில் சரியான வாக்கியமாகப் போட்டிருக்கிறதே? அதுவும் 'வென்'தானே?

டியூஷன்_வாத்தியார்:
இதைத்தான் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'எப்போது வருவார் என்று தெரியவில்லை.' உள்ளே ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது, 'வருவார்' என்று முழு வினையும் வந்துவிட்டது. அப்படி வந்தால் 'வில்' தாராளமாகப் போடலாம். 'வந்ததும்', 'வரும்போது' என்று வந்தால் 'வில்' கிடையாது.

ஒரே இடத்தில் இரண்டும் சரியாக வருவதும் உண்டு. 'டெல் மீ வென் ஹீ கம்ஸ்' என்றால் வந்ததும் சொல். 'டெல் மீ வென் ஹீ வில் கம்' என்றால் எப்போது வருவார் என்று சொல். 'இஃப்' கூட இப்படித்தான்: 'ஐ டோன்ட் நோ இஃப் ஹீ வில் கம்', வருவாரா என்று தெரியவில்லை. 'இஃப்' பக்கத்தில் 'வில்' பார்த்தவுடன் அடித்துவிடும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டுவார்கள்.

கேஷ்_கவுன்ட்டர்:
கிளையில் வேலை பார்க்கிறவள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். உள்ளே வந்த பிறகு தினமும் கண்ணில் படுவது 'ஐ ஹேட் சென்ட் தி ஸ்டேட்மென்ட் எஸ்டர்டே' மாதிரி மெயில்கள்தான். வெறும் 'ஐ சென்ட்' போதும். வேறொரு பழைய சம்பவத்துக்கும் முந்தியது என்று காட்டத்தான் 'ஹேட்': 'ஐ ஹேட் சென்ட் இட் பிஃபோர் யூ கால்டு.' அப்புறம் 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' என்பதும் பிழை. 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் 'ஹேவ் சென்ட்' கூடவே வராது. நாம் 'நேற்றே அனுப்பியிருக்கிறேனே' என்று பேசிப் பழகிவிட்டதால் கை தானாக 'ஹேவ்' போட்டுவிடுகிறது. பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.