பக்கவாத வார்டில் ஆளுக்கொரு அறிவுரை: குழுக் கூட்டத்தை எப்படி நடத்துவது?

கேள்வி (செவிலியர் பொறுப்பாளர்)

பக்கவாத மறுவாழ்வு வார்டு, 18 படுக்கை. வாரம் ஒருநாள் டாக்டர், செவிலியர், பிசியோ, ஸ்பீச் தெரபிஸ்ட், டயட்டீஷியன், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் எல்லாரும் கூடுகிறோம். ஒன்றரை மணி நேரம் ஓடியும் பாதிப் பேரைத்தான் பேசி முடிக்கிறோம். அவரவர் குறிப்பை வாசிப்பதோடு சரி. என்ன முடிவானது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பகலில் பிசியோ "நாற்காலியில் உட்கார வையுங்கள்" என்கிறார், இரவில் செவிலியர் "கட்டிலை விட்டு இறக்காதீர்கள்" என்கிறார். தண்ணீர் கொடுக்கலாமா என்பதிலும் இதே குழப்பம். நடுவில் தவிப்பது குடும்பத்தார். எதை மாற்றினால் சரியாகும்?

பதில் 1 (மறுவாழ்வு ஒருங்கிணைப்பாளர்)

18 பேருக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்கப் பார்ப்பதுதான் முதல் சிக்கல். புதிதாக வந்தவர், 7 நாளுக்குள் வீடு போகிறவர், திட்டம் மாற வேண்டியவர் ஆகியோருக்கு ஆளுக்கு 5 நிமிடம். மற்றவர்களுக்கு "அதே திட்டம், இந்தத் தேதியில் மறுபடி பார்க்கிறோம்" என்ற ஒரு வரி போதும். குறிப்புகளை முந்தின நாள் மாலைக்குள் பொதுத் தாளில் எழுதிவிட வேண்டும்; கூட்டத்தில் வாசிக்கக் கூடாது.

பேச வேண்டியது: நோயாளி என்ன செய்ய விரும்புகிறார், எது தடுக்கிறது, யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்வார். முதலாவதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "நடைத்திறன் மேம்பாடு" என்று எழுதினால் அது பிசியோவின் வேலை என்று மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். "துணையில்லாமல் கழிவறைக்குப் போய்வரணும்" என்று எழுதினால், இரவில் உடன் நடக்கும் செவிலியர், மலமிளக்கி கொடுக்கும் நேரத்தைப் பார்க்கும் மருந்தாளுநர், வீட்டுக் கழிவறைக் கதவின் அகலத்தை விசாரிக்கும் சமூகப் பணியாளர் எல்லாருக்கும் அதில் வேலை இருப்பது தெரியும். பொறுப்பு என்ற இடத்தில் துறையின் பெயர் வேண்டாம், ஆளின் பெயர் வேண்டும்.

டாக்டர்தான் கூட்டத்தை நடத்த வேண்டும் என்றில்லை. மூத்த டாக்டர் கடைசியில் பேசுவது நல்லது; அவர் முதலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டால் வேறு கருத்து உள்ளவர் வாயைத் திறப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 அறுவைசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் குழுவில் ஒவ்வொருவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒருமுறை பேசிவிட்டவருக்குப் பிறகு ஆபத்தைச் சுட்டிக்காட்டும் தயக்கம் குறையும். புதியவர்கள் சேரும் வாரங்களில் நீங்களும் இதைச் செய்யலாம்.

பதில் 2 (ஸ்பீச் தெரபிஸ்ட்)

விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம் என்பதால் பானத்தைக் கெட்டியாக்கிக் கொடுக்கிறோம். தண்ணீர்க் குழப்பத்துக்குக் காரணம் "கொஞ்சம் கெட்டியாக" என்று எழுதுவது. ஒருவருக்குக் கெட்டி என்பது இன்னொருவருக்குத் தண்ணி. உணவு, பானங்களின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் சர்வதேச அளவுகோலான ஐடிடிஎஸ்ஐயின் 0 முதல் 7 வரையான நிலை எண்ணை எழுதுங்கள். சோதிப்பது எளிது. அளவுகோடுகளின் நீளம் 61.5 மி.மீ. உள்ள, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்ச் வேண்டும். முனையை விரலால் அடைத்து 10 மி.லி. வரை ஊற்றுங்கள், விரலை எடுத்து 10 விநாடியில் மறுபடி அடையுங்கள். மீதி 1 முதல் 4 மி.லி. என்றால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8-க்கு மேல் நின்று கொஞ்சமாவது வடிந்தால் நிலை 3. எதுவுமே வடியாவிட்டால் கரண்டி, முள்கரண்டி வைத்துப் பார்க்க வேண்டும். இதை ஸ்பீச் தெரபிஸ்ட் மட்டும் தெரிந்து வைத்துப் பயனில்லை. கலக்கிக் கொடுக்கும் செவிலியரும் சமையல்கூடத்தாரும் செய்து பழக வேண்டும்.

கெட்டியாக்கிய பானத்தை நோயாளிகள் குறைவாகவே குடிப்பார்கள். டயட்டீஷியன் ஒருநாள் மொத்த நீரளவைக் கூட்டிப் பார்க்காவிட்டால், நுரையீரலைக் காப்பாற்றப் போய் உடம்பில் நீர் வற்றிவிடும்.

பதில் 3 (மருந்தாளுநர்)

விழுங்கும் நிலை மாறினால் அன்றைக்கே மருந்தகத்துக்குத் தகவல் வர வேண்டும். இது விட்டுப்போனால் இரவில் யாராவது மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துவிடுவார்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போகும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மாவுச்சத்துள்ள கெட்டியாக்கும் பொடியோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் மலமிளக்கியைக் கலந்தால் கெட்டித்தன்மை போய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். 2021இல் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதை எச்சரித்தது. டாக்டர் எழுதியதும் சரி, ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதியதும் சரி. இரண்டும் ஒரே தம்ளரில் சேரும்போதுதான் ஆபத்து. தனித்தனித் தாளில் எழுதினால் இதை யாரும் பார்க்க முடியாது.

வலிப்பு மருந்து ஃபெனிட்டாயினையும் பாருங்கள். மூக்குக் குழாய் உணவோடு சேர்ந்தால் அது சரியாக உறிஞ்சப்படாது. அதனால் மருந்துக்கு முன்னும் பின்னும் 1 முதல் 2 மணி நேரம் உணவை நிறுத்துவது வழக்கம். அந்த இடைவெளிக்கு ஏற்ப டயட்டீஷியன் உணவு வேகத்தை மாற்ற வேண்டும். குழாய் உணவின்போது அளவைக் கூட்டியிருந்தால், குழாயை எடுத்தபின் ரத்தத்தில் மருந்து ஏறலாம். அதன் அடையாளமான தள்ளாட்டம் முதலில் கண்ணில் படுவது பிசியோவுக்குத்தான். "இன்று ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போகாமல் அவர் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பதில் 4 (சமூகப் பணியாளர்)

வீடு போகும் தேதியைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். முதல் கூட்டத்திலேயே உத்தேசமாக ஒரு தேதி குறித்தால்தான் நாற்காலி, கட்டில், பகலில் யார் உடனிருப்பது என்பதெல்லாம் நேரத்துக்கு அமையும். பராமரிப்பவருக்குத் தாளைக் கொடுத்து அனுப்புவது பயிற்சி ஆகாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை நம் கண்முன் அவரே செய்து காட்ட வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும் என்பது அப்போதுதான் அவருக்குப் பதியும். குடும்பச் சண்டை, கடன் போன்றவற்றைப் பொதுத் தாளில் எழுத வேண்டாம். பராமரிப்புக்குத் தேவையானது மட்டும் போதும்.

மறுகேள்வி (செவிலியர் பொறுப்பாளர்)

இரவுப் பணியாளர்கள் கூட்டத்துக்கு வர முடியாதே? இரவில் நிலைமை மாறினால் யார் முடிவெடுப்பது?

பதில் (மறுவாழ்வு ஒருங்கிணைப்பாளர்)

கட்டிலருகே ஒரே ஒரு தாள்: விழுங்கும் நிலை எண், இடம் மாற்ற எத்தனை பேர் வேண்டும், எழுதியவர் பெயர், தேதி. பழைய தாளைக் கிழித்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். பணி மாறும்போது இரு செவிலியரும் கட்டிலருகே நின்று அதை வாய்விட்டுப் படிக்கட்டும். நோயாளி இருமினாலோ, மயக்கமாக இருந்தாலோ கட்டுப்பாட்டைக் கூட்ட எந்தப் பணியாளருக்கும் உரிமை உண்டு. உடனே செய்துவிட்டு டாக்டருக்குச் சொல்லலாம். கட்டுப்பாட்டைத் தளர்த்துவது மட்டும் அதைப் போட்ட துறையினர் மறுபடி நேரில் பார்த்த பிறகுதான்.