தமிழ்ல மெயின்ஸ் எழுத எந்த பேனா, எந்த நோட்டு?

தேனி_ஆஸ்பிரன்ட்: டிஎன்பிஎஸ்சி குரூப் 1 மெயின்ஸுக்கு தமிழ்ல எழுதிப் பழகிட்டு இருக்கேன். பேப்பருக்கு மூணு மணி நேரம், பால் பாயின்ட்ல அழுத்தி எழுதுற பழக்கம், ரெண்டாவது மணி நேரத்துலயே கட்டைவிரல் வலிக்குது. ஜெல் எடுத்தா கை லேசா ஓடுது, ஆனா மை மறுபக்கம் ஊறி ஒரு பக்கம் வீணாகுது, அதுபோக சுழியெல்லாம் அடைச்சுக்குது. என் எழுத்து பொடி எழுத்து. என்ன வாங்கலாம்?

மைக்கூடு: பொடி எழுத்துன்னா 0.5 மி.மீ. முனை பாருங்க, 0.7 ஜெல் உங்களுக்கு வேணாம். கடையில எல்லாரும் சும்மா ரெண்டு கிறுக்கு கிறுக்கிட்டு வாங்கிடறாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. எண்ணிக்கை, அண்ணாமலை, ஞாயிறுன்னு வேகமா எழுதிப் பாருங்க, மூணு சுழி ண உள்ள வெள்ளை தெரிஞ்சா அந்தப் பேனா ஓகே. அப்புறம் பால் பாயின்ட் மை எண்ணெய் சேர்ந்தது, கெட்டியா இருக்கும், அதான் அழுத்தச் சொல்லுது. ஆனா இப்ப வர்ற சில பால் பேனாவுல மை இளக்கமா இருக்கு, ஜெல் மாதிரியே வழுக்கிட்டுப் போகும், மறுபக்கமும் ஊறாது, என்னைக் கேட்டா முதல்ல அதைத்தான் ட்ரை பண்ணுவேன்.

காகிதப்பிரியை: பேனாவை மட்டும் குறை சொல்லாதீங்க ப்ரோ, பேப்பரையும் பாருங்க. நோட்டு அட்டையில ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்னு) போட்டிருக்கும், 54, 58ன்னா ஜெல் ஊறத்தான் செய்யும், 70க்கு மேல போங்க. நோட்டே வேணாம்னா ஏ4 ரீம் ஒண்ணு வாங்கி கிளிப் போர்டுல வச்சு எழுதுங்க. நம்ம புகளூர் டிஎன்பிஎல் (தமிழ்நாடு காகித ஆலை) காப்பியர் பேப்பர், கரும்புச் சக்கைல செய்றது, அதுலதான் நான் டெஸ்ட் எல்லாம் எழுதுறேன், ஜெல்லுக்கு நல்லா தாங்குது.

தேனி_ஆஸ்பிரன்ட்: ரொம்ப நன்றி அக்கா. அழுத்துற பழக்கத்தை எப்படி விடுறது?

மைக்கூடு: வீட்ல ஒரு இங்க் பேனா வச்சு டெய்லி ரெண்டு பக்கம் எழுதுங்க, அழுத்தினா நிப் விரிஞ்சு கோடு பட்டையாகும், கை தானா இறங்கி வந்துடும். சென்னை பக்கம் வந்தா பாரிமுனை ஜெம் அண்ட் கோ போங்க, பழைய பேனா கடை, கையில வச்சு எழுதிப் பார்த்தே வாங்கலாம்.

இடதுகை: இடது கைக்காரங்க யாராவது இதைப் படிச்சா, இங்க் பேனாவும் ஜெல்லும் காயுறதுக்குள்ள உள்ளங்கைல ஈஷிடும், பால் பேனாவே நமக்கு நல்லது. பேப்பரை வலது பக்கமா சாய்ச்சு வச்சுக்கோங்க. தேனி ப்ரோ, ஹால் டிக்கெட்ல என்ன கலர் மைன்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு அதே கலர்லயே இப்பவே பழகிடுங்க.