மறு: சாவியைத் திருப்பினால் ‘டக்டக்’ – இந்நிலைக்கு ஒரு கலைச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழலாமல் ‘டக்டக்’ என்ற ஒலி மட்டும் எழும் நிலைக்குச் சொடுக்கொலி, படபடப்பு, தொடக்கத் தடை ஆகிய மூன்று சொற்கள் நம் அகராதிக்காக இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்கத் தயங்குகிறேன். தொடக்கத் தடை என்பது எரிபொருள் தீர்ந்துபோன வண்டிக்கும் பொருந்தும். சொடுக்கு என்பது கணினித் துறையில் விரலின் செயலாக நிலைபெற்றுவிட்டது. படபடப்பு ஒலியைச் சரியாகவே காட்டுகிறது என்றாலும், அவ்வொலி ஏன் எழுகிறது என்பதைச் சொல்லவில்லை. பழுது பார்ப்பவருக்கு வேண்டியது காரணத்தின் பக்கம் கைகாட்டும் சொல்.

அக்காரணம் மிகத் தெளிவானது. எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் செல்ஃப் மோட்டாரின் முதுகில் பொருத்தப்பட்டுள்ள, மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான சோலனாய்டுக்குள் பெரும்பாலும் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. சாவியைத் திருப்பியதும் இரண்டும் சேர்ந்து உள்ளிருக்கும் இரும்புத் தண்டை இழுக்கின்றன. தண்டின் அசைவு ஒருபுறம் சிறு பற்சக்கரத்தை எஞ்சினின் பல்வளையத்தோடு கோக்க, மறுபுறம் தடித்த செப்புத் தொடுமுனைகளை இணைக்கிறது. தொடுமுனைகள் இணைந்த கணத்திலேயே முதல் சுருளின் இரு நுனிகளிலும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தம் வந்துவிடுவதால் அது செயலற்றுப் போகிறது. தண்டை நகரவிடாமல் நிறுத்தி வைக்கும் பொறுப்பு வலுக்குறைந்த இரண்டாவது சுருளின் மேல் மட்டுமே விழுகிறது. இவ்விரண்டையும் இழுசுருள், பிடிசுருள் என்று வினைத்தொகையாக வழங்கலாம். செய்யும் வேலையே பெயராக அமைந்துவிடும்.

தொடுமுனைகள் இணைந்ததும் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்குகிறது. பேட்டரி இறங்கியிருந்தால் அச்சுமையில் மின்னழுத்தம் சரிந்து, பிடிசுருள் தன் பிடியை விடுகிறது. வில்சுருள் தண்டைப் பின்னுக்குத் தள்ள, தொடுமுனைகள் பிரிந்து, சுமை நீங்கிய பேட்டரி சற்றே மீண்டெழுகிறது. சாவி இன்னும் திருப்பிய நிலையிலேயே இருப்பதால் தண்டு மறுபடியும் இழுக்கப்படுகிறது, மறுபடியும் விடப்படுகிறது. ஒரு நொடிக்குள் பலமுறை நிகழும் இந்தச் சுழற்சியைத்தான் நாம் ‘டக்டக்’ என்று கேட்கிறோம். ஆகவே இதனைப் பிடிநழுவல் என்று அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘பிடி நழுவிவிட்டது’ என்று நாள்தோறும் சொல்லும் எவருக்கும் இச்சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

சில வண்டிகளில் அவ்வொலி மோட்டாரிலிருந்து வராமல், மின்காந்தத்தால் இயங்கும் தனிச் சுவிட்சான ரிலேயிலிருந்து வருகிறது என்று நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டியிருந்தார். அது உண்மையே. ரிலேயில் பொதுவாக ஒரே சுருள்தான் உண்டு. எனினும் மின்னழுத்தம் சரியும்போது அதுவும் தன் அசையும் தகட்டைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிட்டுப் பற்றுகிறது. நழுவுவது அங்கும் பிடிதான் என்பதால் சொல் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது.

ஒரே ஒருமுறை ‘டக்’ என்று கேட்டு அத்துடன் அடங்கிவிடும் ஒலியையும் இதே சொல்லில் அடக்கிவிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அங்கே பெரும்பாலும் பிடி நழுவுவதில்லை; தண்டு இழுக்கப்பட்டு அங்கேயே நிற்க, மோட்டார்தான் சுழல மறுக்கிறது. தொடுமுனைகள் கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் கட்டைகள் தேய்ந்திருக்கலாம், மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கலாம். முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பும்போது ஒளி சற்றும் மங்காமல் நின்றால், மின்னோட்டம் மோட்டாரைச் சென்றடையவே இல்லை என்று கொள்ளலாம். இதற்கு ‘ஒற்றைத் தட்டு’ என்ற எளிய பெயர் போதும். இரண்டையும் ஒரே சொல்லில் கலந்தால், படிப்பவர் நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியதை வாங்கும்படி நாமே வழிகாட்டியவர்களாவோம்.

பிடிநழுவலுக்கு எழுதும் விளக்கத்தில் ‘பேட்டரி இறங்கியது’ என்று மட்டும் நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதையும் வற்புறுத்த விரும்புகிறேன். பேட்டரி முனையில் படிந்த வெண்பொடியும், கையால் அசைத்தால் சுழலும் கம்பிக் கவ்வியும் இதே ஒலியைத் தரும். இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே, 150 ஆம்பியர் பாயும்போது 1.5 வோல்ட் அங்கே இழக்கப்படுகிறது. சுமையில்லாமல் அளந்தால் அதே பேட்டரி 12.6 வோல்ட் காட்டி முழு நிறைவில் இருப்பதாகவே தோன்றும். எனவே மீட்டரின் முள்முனைகளை முதலில் பேட்டரியின் ஈய முனைகளின் மேலேயே வைத்தும், பிறகு கவ்விகளின் மேல் வைத்தும், சாவியைத் திருப்பிய நிலையில் அளக்க வேண்டும். ஈய முனைகளிலேயே சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்; அங்கே நிலைத்து நின்று கவ்வியில் மட்டும் சரிந்தால் குறை இணைப்பில் உள்ளது.

அகராதிக்கான வரைவு இது:

பிடிநழுவல் (பெ.): தொடக்க மோட்டாரை இயக்கும் சோலனாய்டோ ரிலேயோ, மின்னழுத்தச் சரிவால் தன் பிடியை இழப்பதும் மீண்டும் பற்றுவதுமாக விரைந்து மாறிமாறி இயங்கும் பழுதுநிலை, இடைவிடாத ‘டக்டக்’ ஒலியால் அறியப்படுவது. ஒப்பிடுக: ஒற்றைத் தட்டு.

சாவியைத் திருப்பியும் ஒலியே எழாத நிலைக்குத் தனிச்சொல் தேவையா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஃபியூஸ், சாவி சுவிட்ச், கியர் நடுநிலையில் உள்ளதா என்று காக்கும் சுவிட்ச் என அதன் காரணங்கள் வெவ்வேறாகப் பரந்திருப்பதால், ஒரே பெயர் அவற்றை மறைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். இதில் உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்.